பாதி தின்ற திராட்சைக் குலை

தட்டைப் பார்த்ததும் தலின் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

காலையில் அதில் ஒரு கறுப்புத் திராட்சைக் குலை முழுசாக இருந்தது. இப்போது மேல்பாதிதான் மிச்சம். கீழ்ப்பாதியில் வெறும் காம்புகள். தட்டின் ஓரத்தில் விதைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

பக்கத்து வீட்டு நெஹிர் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலின் தண்ணீர் எடுக்கக் கீழே போன நேரத்தில் நடந்த வேலை இது.

"ரொம்ப இனிப்பு. நீயும் எடுத்துக்கோ," என்றாள் நெஹிர்.

தலினின் அத்தை ஹெர்மினே ஓவியர். குளிர்காலம் முழுக்க இஸ்தான்புல்லில் ஆர்மீனியப் பள்ளியில் ஓவியம் கற்றுத் தருவார். கோடை வந்தால் இந்தத் தீவு வீட்டின் மாடி அறையில் வரைவார். ரொட்டி, மீன் தட்டு, காப்பிக் கோப்பை என்று எல்லாமே வீட்டுப் பொருள்கள்தான். எப்போதும் சாப்பாட்டு மேசையையே ஏன் வரைகிறீர்கள் என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டபோது, "எங்க வீட்டு மேசையை நான் வரையலேன்னா வேற யாரு வரைவா?" என்று திருப்பிக் கேட்டவர். ஆனால் ஒன்று, கண்ணெதிரே இல்லாத பொருளை அவர் வரையவே மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை திராட்சைத் திருநாள். தேவாலயத்தில் பாதிரியார் ஆசீர்வதித்த பிறகுதான் ஆர்மீனியர்கள் அந்த வருடத் திராட்சையை வாயில் வைப்பார்கள். அன்று தேவாலயத் தோட்டத்தில் மாட்டுவதற்குத்தான் இந்தப் படம். தட்டும் மேல் பழங்களும் வரைந்தாயிற்று. கீழ்ப்பாதி, நாளைக் காலை வெளிச்சத்துக்காகக் காத்திருந்தது.

திராட்சைக்குக் காவல் வேண்டும் என்று அத்தைக்குத் தோன்றவே இல்லை. ஞாயிறுக்கு முன் யார் தொடப்போகிறார்கள்? நெஹிரிடம் சொல்ல வேண்டும் என்று தலினுக்கும் தோன்றவில்லை. நெஹிரின் வீட்டார் ஆர்மீனியர்கள் இல்லை; அங்கே திராட்சை தின்ன நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை.

விஷயத்தைக் கேட்டதும் நெஹிரின் முகம் வெளிறியது.

"கடல்காகம் தின்னுடுச்சுன்னு சொல்லிடலாமா?"

"எந்தக் கடல்காகம் விதையைத் துப்பி வரிசையா அடுக்கி வைக்கும்?"

இருவரும் கடைக்கு ஓடினார்கள். அங்கே பச்சைத் திராட்சைதான் இருந்தது. வெறுங்கையோடு மாடி ஏறும்போதே துறையில் படகின் சங்கு ஊதியது. வண்ணம் வாங்க நகரத்துக்குப் போன அத்தை அந்தப் படகில்தான் வருகிறார்.

"நான் வீட்டுக்குப் போறேன்," என்றாள் நெஹிர். "இனிமே உங்க அத்தை என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க."

தலினுக்கும் அதே பயம்தான். அந்த அறைக்குள் அத்தை வேறு யாரையும் விட்டதில்லை. தலினை மட்டும் நம்பித்தான் சாவியைக் கொடுத்திருந்தார். கத்தரிக்கோலால் காம்புகளை நறுக்கிவிட்டால் குலை சின்னதாகத் தெரியுமோ? கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவள் தட்டையே பார்த்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

படியில் காலடி கேட்டது. அத்தை உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார்.

"நான்தான் அவளை உள்ள கூட்டிட்டு வந்தேன், அத்தை," என்றாள் தலின். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் தொடக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியாது. நான் சொல்லல."

"கடல்காகம் இல்ல, நான்தான்," என்று அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து நெஹிர் முனகினாள்.

"எந்தக் கடல்காகம்?" என்றார் அத்தை.

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நாளைக்கு நான் எதைப் பார்த்து வரையறது?"

"இதையே வரைங்க," என்றாள் தலின்.

"திருநாளுக்கு முழுக் குலை வேண்டாமா?"

"தேவாலயத்துக் கூடையில இருக்கறப்பதான் முழுசா இருக்கும், அத்தை. மத்தியானம் பார்த்தா எல்லார் தட்டும் இப்படித்தானே இருக்கும்?"

அத்தை எழுந்து தட்டைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். இனி இந்த அறைப் பக்கமே வராதே என்று சொல்லிவிடுவாரோ? இருக்கிற அசிங்கத்தையாவது சுத்தம் செய்வோம் என்று நெஹிர் மெல்லக் கையை நீட்டினாள்.

"விதையைத் தொடாதே," என்றார் அத்தை. "அது அப்படியே இருக்கட்டும். காலையில ரெண்டு பேரும் வாங்க. தூரிகை கழுவ ஆள் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் கூட்டம். பாதிரியார் பாதிக் குலையும் விதைகளும் இருந்த படத்தின் முன் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். மரத்துக்குப் பின்னால் தலினும் நெஹிரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஹெர்மினே, போன வருஷம் என் தட்டை ஒளிஞ்சிருந்து பார்த்தியா?" என்று கேட்டுவிட்டுப் பாதிரியார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆசீர்வாதம் முடிந்து கூடைகள் வந்தன. நெஹிர் தன் பங்குக் குலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு பழத்தைக்கூடப் பிய்க்கவில்லை.

"இப்ப சாப்பிடலாமா?" என்று தலினிடம் ரகசியமாகக் கேட்டாள்.

தலினால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் வாய் நிறையத் திராட்சை.