நான்காவது சிலிண்டர்

மார்ச் மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு, இறைச்சிக்கூடத்துக் கழிவெலும்புகளை எலும்பு ஆலைக்குக் கொண்டு செல்லும் கேஸில் ஓடும் ஆறு சிலிண்டர் இன்ஜின் கொண்ட பழைய லாரி ஒன்று, இன்ஜின் விட்டு விட்டு இடறி மிஸ் அடிக்கிறது என்னும் குறையுடன் பட்டறைக்குள் வந்து, பழுதுபார்க்கும் குழியின் மேல் நின்றது. ஓட்டி வந்தவன் பட்டறைக்காரியின் தம்பி. அந்நேரத்தில் பட்டறையில் இருந்தவர்கள் அவளும், ஸ்பேனர் ஒன்றை இரவல் வாங்க வந்திருந்த அடுத்த கொட்டகை வெல்டரும் மட்டுமே.

வண்டியில் ஈ இல்லை.

அவள் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ஒன்பது ஆண்டுகளாக அந்த வண்டி வரும்போதெல்லாம் ஈக்களும் உடன் வந்தன. தார்ப்பாயின் மடிப்புகளிலும், பின்கதவின் கீழ் விளிம்பிலும், எலும்பிலிருந்து வடியும் நீரைப் பிடிப்பதற்காக அடியில் பொருத்தியிருந்த சொட்டுத் தொட்டியின் வாயிலும் அவை கறுப்புத் துணி விரித்ததுபோல் அப்பிக் கிடக்கும். வண்டி நின்றதும் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் அமரும். இன்று ஒன்றுகூட இல்லை. சொட்டுத் தொட்டி, எதுவோ நாக்கால் வழித்துத் துடைத்ததுபோல், பளபளவென்று காய்ந்திருந்தது.

"என்ன டீச்சர், தம்பி இன்னைக்கு ஒத்தையில வந்திருக்கான்? கூட வர்ற ஊர்வலத்தக் காணோமே!" என்றான் வெல்டர்.

பழுதுக்கு வரும் வண்டிக்கும் வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்புகிறவள் என்று ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் டீச்சர்.

"ஸ்பேனரத் துடைச்சுத் திருப்பிக் கொடுங்க. போன தடவ கிரீஸோட வந்துச்சு," என்றாள்.

"சரிங்க டீச்சர். வேணும்னா பவுடர் போட்டுக் கொண்டாரேன்," என்று சிரித்துக்கொண்டே அவன் போய்விட்டான்.

தம்பி வண்டியிலிருந்து இறங்கி, கதவில் சாய்ந்து நின்றான். ஒரு மாதத்துக்கு முன் பார்த்தபோது இறுக்கமாக இருந்த சட்டை, இப்போது ஆணியில் மாட்டியதுபோல் தோளிலிருந்து தொங்கியது. இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தான். பெற்றோரும் கணவனும் போன பிறகு அவளுக்கென்று இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே உறவு, இப்படி வற்றிப்போய் நிற்பதைக் கண்டதும் அவளுக்குக் கோபம் வந்தது. பயம் வரும்போதெல்லாம் அவளுக்குக் கோபமே முந்திக்கொண்டு வரும்.

"எத்தனை நாளா மிஸ் அடிக்குது?"

"பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும்க்கா."

"அன்னைக்கே ஏன் கொண்டுவரல?"

"ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு."

"ஓடுறது வேற, ஒழுங்கா ஓடுறது வேறடா. சாப்பிடுறியா இல்லையா நீ? மூஞ்சியப் பாரு, பிழிஞ்சு போட்ட துணி மாதிரி. சரி, இன்ஜின நிறுத்தாத. நான் கேக்கணும்."

"நான் நிறுத்த மாட்டேன்க்கா," என்றான் அவன். அதைச் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் பானெட்டைத் திறந்து, நீண்ட திருப்புளியின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்து, கண்களை மூடிக்கொண்டாள். ஆறும் ஒழுங்காக எரியும் இன்ஜினின் ஒலி நன்கு தைத்த தையலைப் போன்றது. எங்கும் ஒரு கண்ணி விடுபடாது. இதில் ஆறேழு நொடிகளுக்கு ஒருமுறை ஒரு கண்ணி விடுபட்டது. நான்காவது சிலிண்டர். அதில் ஐயமில்லை. ஆனால் விடுபட்ட அந்த வெற்றிடத்தில் வேறொன்று கேட்டது. உலோகத்தின் ஒலியன்று அது, காற்றின் ஒலியுமன்று. வாய் நிறைய ஊறிய எச்சிலை ஒருவர் மெதுவாக விழுங்கினால் எழும் ஒலி.

திருப்புளியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துக் கேட்டாள். விழுங்கியது.

அப்போதுதான் நாற்றமும் எட்டியது. சைலன்சரின் புகை நெடி எங்குமே இல்லை. பல நாள் பல் துலக்காத நோயாளியின் படுக்கையருகே குனிந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வெதுவெதுப்பான, இனிப்புக் கலந்த வாய்நாற்றம், இன்ஜினின் இடுக்குகளிலிருந்து விட்டு விட்டு வந்தது. அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, மனத்துக்குள் வரிசைப்படி அடுத்ததற்குப் போனாள். காற்று வரும் வழியைப் பார்க்க வேண்டும். ஏர் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்திக் குழாயைக் கழற்றி, உள்ளே பார்க்கக் குனிந்தாள்.

"டப்" என்று பேக் ஃபயர் அடித்தது.

பேக் ஃபயர் அடித்தால் சூடான காற்று வரும். சில வேளைகளில் தீ நாக்கும் வரும். வந்தது இரண்டுமன்று. வெதுவெதுப்பாக, சளிபோல் கெட்டியாக, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று அவள் கன்னத்திலும் கீழுதட்டிலும் வந்து அப்பியது. துணியை எடுப்பதற்குள் நாக்கு தன் பழக்கத்தில் உதட்டைத் தொட்டுவிட்டது. உப்பு. கொழுப்பு. அதற்குள் மெல்லிய மயிர் ஒன்று.

குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். பன்னிரண்டு முறை வாய் கொப்பளித்தாள். உதட்டைச் சோப்பால் தேய்த்து, மறுபடியும் தேய்த்து, தோல் எரியும்வரை தேய்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, தம்பி இருந்த இடத்திலேயே நின்றிருந்தான்.

"இருமுதுக்கா. அவ்வளவுதான்," என்றான்.

அவள் ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியில் அங்கே கை வைக்க முடியாது. இதில் முடிந்தது. மூடியைத் திறந்தாள். உள்ளே செம்பழுப்பாக ஒரு திரவம். அதன் மேல் ஆறிய குழம்பின் ஆடைபோல் கொழுப்பு படிந்திருந்தது. அந்த ஆடை மெல்ல மேலெழுந்தது, தாழ்ந்தது, மீண்டும் எழுந்தது.

"இதுல என்னடா ஊத்தின?"

"வழியில தண்ணி வத்திப்போச்சு. சுத்தி ஒரு குழாய் இல்ல, ஒரு கடை இல்ல. கையில இருந்தத ஊத்தினேன்."

"கையில என்ன இருந்துச்சு?"

"சொட்டுத் தொட்டியில இருந்துச்சுல்ல, அது."

"எலும்புத் தண்ணியையா? அறிவு இருக்காடா உனக்கு?"

"கொதிச்சு நின்னுடும் போல இருந்துச்சுக்கா. வேற என்ன பண்ணச் சொல்ற?"

அந்த அருவருப்பிலும் அவள் மனம் தன் தொழிலைப் பற்றிக்கொண்டது. சிலிண்டர்களின் மேல்மூடியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. ரேடியேட்டர் நீர் நான்காவது சிலிண்டருக்குள் கசிகிறது. நனைந்த பிளக்கில் பொறி எழாது, மிஸ் அடிக்கும், காற்று வழியில் தேங்கியதை வெளியே துப்பும். எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. காரணம் இருந்தால் பழுதும் தீரும்.

உறுதிசெய்துகொள்ள, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள். எரிந்துகொண்டிருக்கும் சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் இன்ஜின் தடுமாறும். தடுமாறாவிட்டால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்துவிட்டது என்று பொருள். முதலாவதைக் கழற்றினாள். மாற்றமில்லை. இரண்டாவது. மாற்றமில்லை. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது.

ஆறாவது.

ஆறு ஒயர்களும் பிடுங்கிய பல்வேர்கள்போல் தொங்கின. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

கேஸ் வால்வை மூடினாள். ஓடியது.

ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பக் கை நீட்டினாள். சாவித் துளையில் சாவி இல்லை. எதிரே வெப்பம் காட்டும் முள், தொண்ணூறில் நிற்க வேண்டியது, முப்பத்தேழில், மனித உடம்பின் சூட்டில், நின்றது.

"சாவி எங்கடா?"

"வீட்டுல இருக்குக்கா. போன வெள்ளிக்கிழமையே எடுத்து வெச்சுட்டேன். தேவைப்படல. கேஸும் பத்து நாளாப் போடல."

அவள் இறங்கினாள். பட்டறைக்கு வெளியே உச்சி வெயில். சாலையில் யாரோ மணியடித்துக்கொண்டு மிதிவண்டியில் போனார்கள். ஓடிவிடலாம் என்று தோன்றியது. தம்பியின் இழுப்பான மூச்சு பின்னால் கேட்டது. அவள் ஓடவில்லை.

நான்காவது பிளக்கை ஸ்பேனர் கொண்டு கழற்றப் போனாள். ஸ்பேனர் வேண்டியிருக்கவில்லை, அது விரலுக்கே சுழன்றது. பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

ஓடும் இன்ஜினில் பிளக்கைக் கழற்றினால் அந்தத் துளையிலிருந்து காற்று காதைப் பிளக்கும். இங்கே ஓசையில்லை. ஈரமான மூச்சு ஒன்று அவள் புறங்கையில் பட்டது. உள்ளே போனது. மறுபடி வந்தது.

இன்ஜினின் உட்புறத்தைக் காட்டும் கேமராக் குழாயை எடுத்து, அதன் முனை விளக்கை ஏற்றி, துளைக்குள் செலுத்தினாள். கையிலிருந்த சிறிய திரையில் கரி படிந்த பிஸ்டன் தெரிய வேண்டும்.

இளஞ்சிவப்பு தெரிந்தது.

ஈரம். மினுமினுப்பு. கன்னத்தின் உட்புறம்போல் மென்மையான சுவர். அதில் வெண்ணிறக் கொப்புளங்கள். கொப்புளங்களுக்கிடையே வடியும் நுரை. சுவர் சுருங்கியது. விளக்கை நெருங்கியது. திரை முழுவதும் சிவந்தது. குழாய் அவள் கையிலிருந்து இழுபட்டது. இழுத்தாள். அது சப்பியது. இரு கையாலும் இழுத்தாள். ஒரு முத்தத்தின் ஓசையுடன் குழாய் விடுபட்டு, நூலாய் நீண்ட எச்சில் அவள் மார்பின் மேல் விழுந்தது.

"பசிக்குதுக்கா அதுக்கு," என்றான் தம்பி. "பசி வந்தாத்தான் மிஸ் அடிக்கும். இந்தா, பாரு."

இருக்கைக்குப் பின்னாலிருந்து மூடிய வாளி ஒன்றை எடுத்து, அதிலிருந்த எலும்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினான். கொழகொழவென்று அது இறங்கி முடிந்ததும், விடுபட்ட கண்ணி வந்து சேர்ந்துகொண்டது. ஆறும் எரிவதுபோல் ஒலித்தது. முப்பது ஆண்டுகளில் அவ்வளவு சீராக ஓடும் இன்ஜினை அவள் கேட்டதில்லை. அது அவளுக்கு இனிமையாக இருந்தது. அந்த இனிமைதான் வாந்தியை மறுபடியும் தொண்டைவரை கொண்டுவந்தது.

ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. கண்ணி மீண்டும் விடுபட்டது.

"முன்னெல்லாம் ஒரு வாளி ஒரு நாளைக்கு வரும். இப்ப ஆறினது பிடிக்க மாட்டேங்குது." அவன் இடது கையை வெளியே எடுத்தான். சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. ரத்தமில்லை, தையலில்லை, தழும்புமில்லை. வாயில் வைத்துச் சப்பிக் கரைத்த மிட்டாயின் முனைபோல், அந்த இடங்கள் வழவழவென்று உருண்டிருந்தன. "வலிக்கலக்கா. சத்தியமா."

அவள் பெரிய பிடிகுறடை எடுத்து, ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர்க் குழாயைக் கவ்வி, பலங்கொண்ட மட்டும் அழுத்தினாள். குழாய் அவள் பிடியில் துடித்தது. இன்ஜின் திணறியது. திணறட்டும். சாகட்டும். இன்னும் அழுத்தினாள்.

பின்னால் ஏதோ விழுந்தது.

தம்பி மண்டியிட்டிருந்தான். உதடுகள் நீலமாக இருந்தன. கண் மேலே செருகியிருந்தது. அவள் குறடைத் தளர்த்தினாள். இன்ஜின் மூச்செடுத்தது. அவனும் எடுத்தான்.

ஒரே ஒருமுறை தெரிந்த பழுதை அவள் எப்போதும் பழுதென்று ஏற்பதில்லை.

அவன் மணிக்கட்டைப் பிடித்து, நாடியில் இரண்டு விரல்களை வைத்தாள். மறு கையால் குறடை மீண்டும் அழுத்தினாள்.

"அக்கா... வேணாம்க்கா..."

நாடி நின்றது. தளர்த்தினாள். வந்தது. இன்ஜினில் ஒரு கண்ணி விடுபட்டது. விரலடியில் ஒரு துடிப்பு விடுபட்டது. மறுபடி இன்ஜினில். மறுபடி விரலடியில். இரண்டுக்கும் இடைவெளியே இல்லை.

இப்போது ஐந்து நொடிக்கு ஒருமுறை. சற்று முன் ஆறேழு.

"இது உனக்கு என்னைக்குத் தெரிஞ்சுது?" என்றாள். "உன்னையும் சேர்த்துப் பிடிச்சிருக்குன்னு என்னைக்குத் தெரிஞ்சுதுடா?"

"முதல் விரல் கொடுத்த அன்னைக்கு," என்றான் அவன். தரையைப் பார்த்தபடி, "உங்கிட்ட சொன்னா நீ திட்டுவியேன்னுதான்க்கா வரல."

நான்காவது சிலிண்டரின் துளை திறந்தே இருந்தது. அதன் இரும்பு விளிம்புக்குள்ளிருந்து இளஞ்சிவப்பாக ஒரு விளிம்பு வெளியே மலர்ந்து, ஈரமாக, பொறுமையாக, அவள் நின்ற பக்கம் திரும்பியது.

நான்கு நொடிக்கு ஒருமுறை.

பிற்பகல் ஒன்று ஐம்பதுக்கு முடிவானவை பின்வருவன. இன்ஜின் நிறுத்தப்படாது. வேறு வண்டி எதுவும் இனிப் பட்டறைக்குள் அனுமதிக்கப்படாது. கதவு உட்புறமாகத் தாழிடப்படும். இறைச்சிக்கூடத்திலிருந்து நாளொன்றுக்கு மூன்று வாளிகள், ஆறுவதற்குள், அவளே சென்று கொண்டுவருவாள். வாளி போதாத நாள்களில் தம்பியின் உடம்பிலிருந்து இனி எதுவும் எடுக்கப்படாது. அவனிடம் அதற்குச் சதையில்லை. ஸ்பேனர் பிடிக்க வலது கை வேண்டும் என்பதால், அவளுடைய இடது கை. அதிலும் சுண்டு விரலிலிருந்து தொடங்குவதென்றும், நாளொன்றுக்கு ஒரு கணுவுக்கு மேல் கொடுப்பதில்லை என்றும் தீர்மானிக்கப்பட்டது.