வீட்டைப் பார்த்த தொலைநோக்கி

சனிக்கோளைப் பார்க்க வைத்துவிட்டுப் போன தொலைநோக்கி, அவர் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

திருகு தளர்ந்திருக்கும் என்று இறுக்கி வைத்தார். மகள் போன பிறகு அவர் கை வைத்த எதுவும் நிற்பதில்லை. வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்தும்போதும் அது கை நழுவி உடைந்து, முதலாளியே, "கொஞ்ச நாள் வீட்ல இருங்களேன்" என்று சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு மரத்துக்கு மேலே சனி ஏறி வந்ததும் வளையத்தைக் காட்டுவதாக மகளிடம் சொல்லியிருந்தார். சனி ஏறி வந்தது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. பொழுது சாய்ந்ததும் தோட்டத்துக் கோடியில் தொலைநோக்கியை நிறுத்தி, வளையத்தை நடுவில் கொண்டுவந்து, அவள் ஏறி நிற்கும் முக்காலியையும் பக்கத்தில் போட்டு, "வா கண்ணு, வந்து பாரு" என்று வெறும் காற்றைக் கூப்பிடுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

மறுநாள் திருகு இறுகியபடியே இருந்தது. குழாய் மட்டும் திரும்பியிருந்தது.

சமையலறைக்குப் போய் மனைவியிடம் கேட்டார். "அதை நீ தொட்டியா?"

"அது பக்கம் போகவே எனக்கு மனசு இல்லைங்க." அவள் பாத்திரம் தேய்த்தபடியே சொன்னாள். "நீங்களும் விட்டுடுங்களேன். தினம் தினம் கூப்பிட்டா அவ எப்படிங்க நிம்மதியாப் போவா?"

அவர் தோட்டத்துக்கு நடந்தார். ஈரமண் வாசனை. இரைந்துகொண்டிருந்த சில்வண்டுகள் சட்டென்று ஓய்ந்தன. முக்காலி கிறீச்சிட்டது, யாரோ இறங்கியது போல.

குனிந்து கண்ணை வைத்தார். குமிழைத் திருகினார். மங்கல் மெல்லத் தெளிந்தது.

சமையலறை ஜன்னல். அந்தத் தொலைநோக்கியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். ஜன்னல் தலைகீழ். குழாயிலிருந்து தண்ணீர் மேல்நோக்கி விழுந்தது. மனைவி தலைகீழ்.

அவள் பின்னால் மகள்.

ஆஸ்பத்திரியில் போட்டிருந்த அதே சட்டை. பயத்துக்கு முன்னால் சந்தோஷம்தான் பொங்கியது. வந்துட்டா. என் பொண்ணு வந்துட்டா.

அப்புறம்தான் உறைத்தது.

எல்லாம் தலைகீழ். அவள் மட்டும் நேராக நின்றாள்.

கண்ணை எடுத்தார். வெறும் கண்ணால் ஜன்னலைப் பார்த்தார். மனைவி குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேலே, கூரையில் பாதங்கள் ஒட்டியிருக்க, தலைகீழாகத் தொங்கியது பிள்ளை. அதன் முடி அம்மாவின் பிடரியில் உரசியது.

மனைவி கொசுவை ஓட்டுவது போல ஈரக் கையால் பின்கழுத்தைத் தடவிக்கொண்டாள். இரண்டு சின்னக் கைகள் அவள் முகத்தின் இருபுறமும் மெதுவாக இறங்கின.