நிறம் ஏறாத குழி

சோதனைத் தட்டில் அவள் மகளின் எச்சில் விட்ட குழி மட்டும் நிறம் ஏறாமல் கிடந்தது. காய்ச்சல் வீட்டில் மூவரையும் ஒரு புரட்டு புரட்டிவிட்டுப் போன பிறகு, உடம்பில் நோயை எதிர்க்கும் ஆன்டிபாடி உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க, அவள் தான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கே எச்சில் குப்பிகளைக் கொண்டுவந்திருந்தாள். அவளுடையதும் கணவனுடையதும் நல்ல மஞ்சள். மகளுடையது வெறும் தண்ணீர்போல. இந்தக் காய்ச்சலுக்கானது இல்லாவிட்டால் போகட்டும். மனித எச்சில்தானா என்று பார்க்கும் முதல் சோதனையிலேயே ஒன்றுமில்லை. உயிருள்ள எந்த வாயிலும் ஏதாவது ஒரு ஆன்டிபாடி கொஞ்சமாவது இருந்தே தீரும்.

"உம் பொண்ணு பஞ்சுக்குச்சிய வாயில வைக்காம குழாயில நனைச்சுக் குடுத்திருப்பா," என்றாள் பக்கத்து மேசைக்காரி. "நாளைக்கு நீயே எடுத்துட்டு வா, திரும்பப் போட்டுப் பாத்துடலாம்."

அவளும் அப்படித்தான் நம்பினாள். வேறு மாதிரி யோசிக்கத் தெம்பில்லை. காய்ச்சல் ராத்திரிகளில் கண் மூடாமல் கிடந்த அலுப்பு இன்னும் எலும்பில் இருந்தது. மகள் பிழைத்ததே பெரிது. ஒரு விடியற்காலையில் மூச்சு அடங்கி, உடம்பு சில்லிட்டு, அவள் அலற வாயெடுத்தபோது பிள்ளை தானாக எழுந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அடம் இல்லை, அழுகை இல்லை. தங்கமான பிள்ளை என்று கணவன் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான்.

மாலையில் மகளைக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"ஆ காட்டு கண்ணு."

மருந்து வாடையும் புழுக்கமும் அடைந்த அறையில், சமையலறையிலிருந்து கணவன் பாத்திரம் துலக்கும் சத்தத்தைக் கேட்டபடியே, பஞ்சுக்குச்சியை ஈறோரமாக, கன்னத்தின் உட்புறமாக, நாக்கின் அடியில் மெல்லத் தேய்த்தாள். எடுத்துப் பார்த்தாள். பஞ்சு காய்ந்திருந்தது.

இன்னொரு குச்சி. அதுவும் அப்படியே. தாகமாக இருக்கும், பாவம். இவள் கடைசியாக எப்போது தண்ணீர் கேட்டாள்? ஞாபகம் வரவில்லை.

விரலை உள்ளே விட்டாள். ஈரமில்லை. சூடில்லை. மூச்சும் படவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

மகளின் குரல்தான். தெளிவாகக் கேட்டது. வாய் திறந்தபடியே இருந்தது. நாக்கு அசையவில்லை. உதடும்.

ஓடலாம். ஓடி எங்கே போவது? இது தன் மகள் இல்லையென்றால், மகள் போய்விட்டாள் என்றாகிவிடும். இன்னொரு முறை அதைத் தாங்க அவளால் முடியாது.

"முடிஞ்சிடுச்சு கண்ணு," என்றாள்.

புதுக் குச்சி ஒன்றைப் பிரித்தாள். தன் வாயில் வைத்து நன்றாக நனைத்தாள். மகளின் குப்பியில் போட்டு மூடினாள்.

கட்டிலில் அந்த வாய் இன்னும் திறந்தே இருந்தது.