கேட்பாரற்று ஒலித்த அழைப்பு

சினாலெய் கொண்டுவந்த கடிதத்தில் நான்கே வரிகள். வெள்ளிக்கிழமை ஹாம்பர்க் அழைப்பின் நேரத்தைத் தவறாக எழுதியது நான்தான், கொக்கோ சங்கத்துக்கு நேர்ந்த அவமானத்துக்கு நானே பொறுப்பு, மன்னிப்புக் கேட்டு வேலையிலிருந்து விலகுகிறேன். கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

"போட மாட்டேன்க்கா," என்றாள் சினாலெய். "போட்டா கௌரவமா அனுப்பிடுவாங்களாம். போடலைன்னா இன்னிக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு, கொக்கோ வாங்கற அந்த ஹாம்பர்க் அம்மா வீடியோவில பார்க்கப் பார்க்க, என்னை வெளிய துரத்துவாங்களாம். துரத்தட்டும். செய்யாத தப்பைச் செஞ்சேன்னு என் கை எழுதாது."

சமோவாவின் முலிஃபானுவா படகுத்துறை எதிரே பார்சல் கடை வைத்திருந்த திலோமாய், கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் வெளிநாட்டு அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவள் அவள். உலகத்தில் எந்த ஊரில் யார் விழித்திருக்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகு சுற்றுவட்டாரத்தின் சிக்கல்களெல்லாம் அவள் கடைப் படியேறத் தொடங்கின. அவள் கணவனின் தம்பி லாஃபோ டாக்சி ஓட்டுகிறவன். நாற்பது வயது. சிக்கல் வந்த நாளில் சவாரியை விட்டுவிட்டு வந்து நிற்பான்.

"வரிசையா சொல்லும்மா," என்றாள் திலோமாய்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவங்களுக்குக் காலையில ஏழு மணிக்குப் பேச்சு. அவங்க குளிர்காலம் முழுக்க நமக்கும் சாயங்காலம் ஏழுதான். நேத்து ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிட்டாங்க. நாம தள்ளறதில்ல. அப்போ நமக்கு ஆறு ஆயிடும். திங்கக்கிழமையே ஆபீஸ் பலகையில ஆறுன்னு எழுதிட்டேன். புதன்கிழமை காலையில பெரியம்மா சாவுக்கு சவாயி தீவுக்குப் போனேன். சனிக்கிழமை திரும்பி வந்தா இந்தக் கடிதம். பலகையில ஏழுன்னு இருந்துச்சாம். எல்லாரும் ஏழு மணிக்குப் போயிருக்காங்க. அந்தம்மா ஆறு மணியிலேருந்து கூப்பிட்டுப் பார்த்து வெறுத்துப் போயிட்டாங்க."

"நீ ஆறுன்னு எழுதினதை யார் பார்த்தது?"

"குழுவில மத்தவங்க வியாழக்கிழமை கொக்கோ நிறுக்க வர்றப்பதான் பலகையைப் பார்ப்பாங்க. நடுவுல ஆபீஸ்ல இருக்கறது செயலாளர் பெனியாமினா மட்டும்தான்."

லாஃபோவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அண்ணி, இது தேதிக் குழப்பம்! என் வண்டியில போன வாரம் ஒருத்தன் ஏறினான். இங்க பிறந்தநாள் கேக் வெட்டிட்டு, மறுநாள் தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பகோ பகோ போய் அதே தேதியில மறுபடியும் வெட்டப் போறானாம். அந்த மாதிரி—"

"லாஃபோ, ஹாம்பர்க்குக்கும் நமக்கும் அன்னிக்கு ஒரே வெள்ளிக்கிழமைதான். கேக்கை விட்டுட்டு வண்டியை எடு."

சங்க அலுவலகம் இருந்த சலேமாலுவுக்குப் போகும் வழியெல்லாம் லாஃபோ அந்த ஊரைத் திட்டிக்கொண்டே ஓட்டினான். போன மாதம் அங்கே மாலைப் பிரார்த்தனைச் சங்கு ஊதிய பிறகும் வண்டியை நிறுத்தாமல் போய், கோயில் முனையில் காவல் நின்ற இளைஞர்களிடம் மாட்டிக்கொண்டு, ஒரு பெட்டி டின் மீன் அபராதம் கட்டியவன் அவன். "ஆறரைக்கு முதல் சங்கு, ஆறே முக்காலுக்கு மூணாவது சங்கு. பதினைஞ்சு நிமிஷம் பல்லைக் கடிச்சிருந்தா என் மீன் தப்பிச்சிருக்கும்," என்று புலம்பினான். திலோமாய் ஜன்னல் வழியே தென்னைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சங்க அலுவலகத்தில் பலகை பளிச்சென்று இருந்தது. சனிக்கிழமையே துடைத்தாயிற்று. லாஃபோ மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

பெனியாமினா நன்றாகத்தான் பேசினார். ஆக்லாந்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு ஜனவரியில் ஊர் திரும்பியவர். அலுவலகக் கணினியில் ஹாம்பர்க்காரியின் அஞ்சலைத் திறந்து காட்டினார். அவர்கள் நேரப்படி ஏழு மணி முதல் ஐந்து முறை அழைத்திருக்கிறார். கடைசி அழைப்பு ஏழு முப்பத்தைந்துக்கு.

"அந்தக் கடைசி அழைப்பு மணியை நானே கேட்டேங்க," என்றார் பெனியாமினா. "கிழக்குக் கோடியிலிருக்கிற என் வீட்டிலேருந்து ஏழு மணிக் கூட்டத்துக்காகக் கொஞ்சம் முன்னாடியே நடந்து வந்துட்டிருந்தேன். ரோட்டுல வர்றப்ப உள்ள கணினி அடிக்குது. ஓடி வந்து பூட்டைத் திறக்கறதுக்குள்ள நின்னு போச்சு. பலகையைப் பார்த்தா ஏழு. அப்பதான் தெரிஞ்சுது, இந்தப் பொண்ணு தப்பா எழுதிட்டு ஊருக்குப் போயிட்டான்னு. பாவம், சாவு வீட்டுக் கவலை. நான் கோவிச்சுக்கலை."

அந்தப் 'பாவம்' சினாலெய்க்குச் சுருக்கென்று தைத்தது. அவள் வாய் திறப்பதற்குள் திலோமாய் அவள் முழங்கையைத் தொட்டாள்.

எதிர்க் கடைக்காரி, வெள்ளிக்கிழமை மூன்றாம் சங்கு முடிந்து கடைக் கதவைத் திறந்தபோது பெனியாமினா அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததாகச் சொன்னாள். அதைக் கேட்டு லாஃபோவின் முகம் தொங்கிவிட்டது.

"அண்ணி, அவன் சொன்னது சரியாத்தானே இருக்கு? ஆறு முப்பத்தஞ்சுக்கு உள்ள போனான், ஆறே முக்காலுக்கு மேல வெளிய வந்தான்."

"ரொம்பச் சரியா இருக்கு," என்றாள் திலோமாய். "நீ கோயில் முனைக்குப் போய், வெள்ளிக்கிழமை காவலுக்கு நின்ன பசங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. உன்னைத்தான் அவங்களுக்கு நல்லாத் தெரியுமே."

ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது குழுவின் பதினோரு பேரும் பாய்களில் அமர்ந்துவிட்டார்கள். தலைவர் துய்லோ கடிதத்தையும் பேனாவையும் சினாலெய் முன்னால் நகர்த்தினார்.

"அடம் பிடிக்காதேம்மா. நாப்பது குடும்பத்துக் கொக்கோ இதுல இருக்கு. யாரோ ஒருத்தர் தலை குனிஞ்சாத்தான் அந்தம்மா சமாதானம் ஆவாங்க."

"குனிய வேண்டியவங்க குனியட்டும் தலைவரே. என் கழுத்து மரத்துப் போச்சு."

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். திலோமாய் தொண்டையைச் செருமினாள்.

"பெனியாமினா ஐயா, ஒரே ஒரு சந்தேகம். அந்த மணி அடிச்சப்ப நீங்க ரோட்டுலதானே நடந்து வந்துட்டிருந்தீங்க?"

"ஆமாங்க. கோயிலைத் தாண்டி வர்றேன், சத்தம் கேக்குது."

"ரோட்டுல வேற யாராச்சும் இருந்தாங்களா?"

"ஒரு ஈ காக்கா இல்ல."

"இருக்காதுதான். ஹாம்பர்க்ல ஏழு முப்பத்தஞ்சுன்னா நமக்கு ஆறு முப்பத்தஞ்சு. முதல் சங்கு ஊதி அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஊரே வீட்டுக்குள்ள உக்காந்து ஜெபம் பண்ணுது. கோயில் முனையில நாலு பசங்க தடியோட நிக்கறாங்க. லாஃபோ, என்ன சொன்னாங்க?"

லாஃபோ நெஞ்சை நிமிர்த்தினான். "ஒருத்தரும் தாண்டலையாம் அண்ணி. தாண்டியிருந்தா மீன் பெட்டி எங்கன்னு கேட்டாங்க."

பாய்களில் சலசலப்பு எழுந்தது. எல்லோருக்கும் தெரிந்த சங்குதான். ஆனால் மூன்று நாளாக எல்லோரும் ஹாம்பர்க் மணியையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரோட்டுல வரலைன்னா அந்தச் சத்தத்தை எங்கேருந்து கேட்டீங்க?" திலோமாயின் குரல் உயரவில்லை. "முதல் சங்குக்கு முன்னாடியே இந்த அறைக்குள்ள வந்து உக்காந்திருக்கீங்க. பலகையில ஏழுன்னு இருந்தா, ஆறு மணிக் கணக்குல வந்து பூட்டின ஆபீஸ்ல உக்கார உங்களுக்கு என்ன வேலை? அழைப்பு ஆறு மணிக்குன்னு தெரிஞ்சவர்தான் அப்படி வருவார். சினாலெய் எழுதின ஆறைப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். அதை அழிச்சு ஏழுன்னு மாத்தினதும் அவர்தான். சீக்கிரமா வர்றவங்க யாராச்சும் எடுத்துப் பேசிடக் கூடாதுன்னு அடிக்கிற கணினி பக்கத்துல காவல் இருந்தீங்க. வெளிய வந்தப்ப எதிர்க் கடைக்காரி பார்த்துட்டாங்க. உடனே ஒரு கதை வேண்டியிருந்துச்சு. அஞ்சல்ல இருந்த ஹாம்பர்க் நேரத்துக்குப் பொருத்தமாக் கட்டினீங்க. சொந்த ஊர்ல அப்ப என்ன நடக்குதுன்னு யோசிக்க மறந்துட்டீங்க."

பெனியாமினா பலகையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார்.

"ஹாம்பர்க் போயிடுச்சுன்னா ஆக்லாந்து வியாபாரி மொத்தத்தையும் எடுத்துக்கறேன்னான்," என்று முணுமுணுத்தார். "என்னை இங்க ஏஜெண்டாப் போடறேன்னான். பொண்ணுதானே, ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடும்னு நினைச்சேன்."

"அங்கதான் ஏமாந்தே," என்றாள் சினாலெய்.

பெனியாமினா எழுந்து போனபோது யாரும் வழி விட்டு நகரவில்லை. உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களைச் சுற்றிக்கொண்டுதான் போனார். துய்லோ கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"சரிம்மா, முடிஞ்சு போச்சு. வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும். அந்தம்மா கிட்ட ஏதோ கரண்ட் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். நீ உன் இடத்துல போய் உக்காரு."

அப்போது கணினி ஒலிக்கத் தொடங்கியது. சரியாக ஏழு மணி. சினாலெய் மேசை முன்னால் போய் உட்கார்ந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"எடும்மா!"

"பதினோரு பேர் முன்னால என்னைக் கவனமில்லாதவள்னு சொன்னீங்க. அந்தம்மாவுக்கும் என் பேரைப் போட்டு எழுதினீங்க. கரண்ட் என் பேரைக் கெடுக்கலை தலைவரே, நீங்க கெடுத்தீங்க. எல்லார் காதுலயும் விழற மாதிரி நீங்களே சொல்றதா இருந்தா எடுக்கறேன்."

மணி விடாமல் அடித்தது. பாய்களில் இருந்தவர்கள் கணினியைப் பார்த்தார்கள், துய்லோவைப் பார்த்தார்கள். லாஃபோவுக்குக் கைகள் பரபரத்தன. திலோமாய் மட்டும் சாவகாசமாக விசிறிக்கொண்டிருந்தாள்.

"நின்னுடப் போகுது, சினாலெய்!"

"நிக்கட்டும்."

துய்லோ எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "சொல்றேன்," என்றார்.

சினாலெய் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஹாம்பர்க்காரியின் கடுகடுத்த முகம் வந்தது. துய்லோ மூச்சை இழுத்துவிட்டு, சங்கத்தில் நடந்த துரோகத்தைச் சொன்னார். நேரம் சரியாகவே எழுதப்பட்டிருந்தது என்றார். சினாலெய் மேல் பழி போட்டது தன் தவறு என்று சொல்லி, திரையை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்துத் தலை குனிந்தார். அந்த அறையில் அவர் தலை குனிந்து யாரும் பார்த்ததில்லை.

ஹாம்பர்க்காரி தன் நாட்காட்டியைத் திறந்தார். பிறகு, "அடுத்த வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குப் பேசலாம், சினாலெய்?" என்று கேட்டார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவளிடம் கேட்டார்.

"சமோவா நேரம் ஏழு மணி," என்றாள் சினாலெய். "உங்களுக்கு எத்தனைன்னு நீங்க பார்த்துக்கோங்க."