வளைவில் தெரியும் என்ஜின்

“இந்த ரயிலுக்கு என்ஜினே இல்ல!”

கவுஸ் பாஷா ஓவென்று அழ ஆரம்பித்தபோது, ரயில் தருமபுரி ஸ்டேஷனை விட்டு அரை மைல்கூடப் போயிருக்கவில்லை.

ஆறு வயதுப் பையனின் கோபத்தில் நியாயம் இருந்தது. சேலத்தில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் என்று தெரிந்த நாளிலிருந்து அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கரி என்ஜினைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஆனால் வீட்டைப் பூட்டினோமா இல்லையா என்று அம்மா சுல்தானாவுக்குப் பாதி வழியில் சந்தேகம் வந்துவிட்டது. அப்பா ஹயாத் பாஷா திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகென்ன? எல்லோரும் ஓட்டமாய் ஓடிக் கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டார்கள். என்ஜின் எங்கோ முன்னால் இருந்தது.

“என்ஜின் இல்லாம வண்டி எப்படிடா போவும்?” என்றார் அப்பா.

“பின்னால யாரோ தள்ளறாங்க!”

பெட்டியே சிரித்தது. கவுஸ் இன்னும் பலமாக அழுதான்.

அவனுடைய அக்கா பரிதாவுக்குப் பதினொரு வயது. அவள் தம்பியின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“அழாத. முத்தம்பட்டி தாண்டினா மலையில பெரிய வளைவு வரும். ரயிலு வில்லு மாதிரி வளையும். அப்ப கடைசிப் பெட்டியில இருந்து பாத்தா என்ஜின் முழுசாத் தெரியும். போன வருசம் நான் பாத்திருக்கேன்.”

“காட்டலேன்னா?”

“காட்டலேன்னா என்னை அக்கான்னே கூப்பிடாத.”

இந்தப் பேச்சு கவுஸுக்குப் பிடித்திருந்தது. அழுகையை நிறுத்திவிட்டு, இடது பக்க ஜன்னலில் அக்காவோடு ஒட்டி உட்கார்ந்தான்.

மாந்தோப்புகள் போயின. கேழ்வரகுக் கொல்லைகள் போயின. சிவந்த மண்ணில் ஆடு மேய்த்த ஒரு சிறுமி கையாட்டினாள். பிறகு மலை வந்தது. ஜன்னலுக்கு வெகு அருகில் பாறைகள் உரசுவதுபோல் ஓடின. பாறை இடுக்கிலிருந்து ஒரு குரங்கு, குட்டியை வயிற்றில் சுமந்துகொண்டு, ரயிலையே முறைத்தது.

“உன்னைத்தான் பாக்குது” என்றாள் பரிதா.

“இல்ல, உன்னைத்தான். சொந்தக்காரங்களைத்தானே அப்படிப் பாப்பாங்க!”

முத்தம்பட்டியில் ரயில் நின்றது. அப்போது எதிர்ப்பக்கத்தில் ஒருவர், “அடேயப்பா! பள்ளத்துல லாரிங்களைப் பாருங்க, தீப்பெட்டி மாதிரி போவுது!” என்றார்.

பரிதாவுக்குச் சுருக்கென்றது. போன வருடம் அந்தப் பள்ளம் அவள் பக்கத்தில் அல்லவா தெரிந்தது? இப்போது அவள் பக்கம் வெறும் பாறை!

அவள் கைகளை நீட்டி யோசித்தாள். ‘அன்னைக்கு நான் சேலத்திலிருந்து திரும்பி வந்துகிட்டிருந்தேன். வரும்போது இடது பக்கம்னா, போகும்போது வலது பக்கம்!’

ரயில் ஊதியது. புறப்பட்டும் விட்டது.

“கவுஸ், ஓடி வாடா!”

வலது பக்கத்தில் எல்லா ஜன்னலிலும் தலைகள். ஒரே ஒரு ஜன்னலில்தான் இடமிருந்தது. அதுவும் மூடிக் கிடந்தது. பக்கத்தில் வத்தல்மலை விவசாயி மல்லையன், மடியில் ஒரு கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

“மாமா, கொஞ்சம் ஜன்னலைத் தொறக்கறீங்களா?”

“வேணாம் கண்ணு. உள்ள சேவல் இருக்குது, மருமகனுக்குக் கொண்டுபோறேன். வெளிச்சம் பட்டாப் போதும், கூவிக் கூவி ரகளை பண்ணுது. எல்லாரும் என்னையத் திட்டறாங்க.”

“துண்டைப் போட்டு மூடலாமே மாமா?”

மல்லையன் துண்டை விரித்துக் காட்டினார். அதில் துணியைவிட ஓட்டை அதிகம்.

பரிதா சுற்றிலும் பார்த்தாள். அம்மா அப்பாவுக்கு அடியில், கட்டைப் பலகை குத்தாமலிருக்க விரித்த கெட்டி ஜமுக்காளம்!

“அம்மா, எந்திரிங்க! அப்பா, நீங்களும்! சீக்கிரம்!”

“என்னாடி ஆச்சு? ஸ்டேஷன் வந்துருச்சா?” அம்மா பதறி எழுந்தாள். எழுந்ததுதான் தாமதம், ஜமுக்காளம் மறுபக்கம் போய்விட்டது.

பரிதா அதை இரண்டாக மடித்தாள். சேவலுக்குக் காற்று வர ஒரு ஓரம் விட்டு, கூடையைப் போர்த்தினாள். மல்லையன் மெதுவாக ஜன்னலைத் தூக்கினார்.

வெயில் பாய்ந்தது. எல்லோரும் கூடையைப் பார்த்தார்கள்.

சத்தமே இல்லை.

“அட, படுத்துக்கிச்சு!” என்றார் மல்லையன்.

அதே நொடியில் ரயில் வளைந்தது. ஒவ்வொரு பெட்டியாகத் திரும்பியது. எல்லாவற்றுக்கும் முன்னால், கன்னங்கரேலென்று, புகையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு...

“என்ஜின்! அக்கா, என்ஜின்!”

கவுஸ் இரண்டு கைகளையும் ஆட்டினான். மல்லையனும் ஆட்டினார். முன்னால், என்ஜினிலிருந்து ஒரு கை வெளியே வந்து ஆடியது. கூவென்று ஒரு நீளமான ஊதல் மலையில் மோதித் திரும்பியது.

வளைவு முடிந்தது. என்ஜின் மறைந்தது. கவுஸ் அக்கா பக்கம் திரும்பினான். கேட்டான்:

“அக்கா, அவங்களுக்கு நம்ம பெட்டி தெரிஞ்சிருக்குமா?”

“நல்லாத் தெரிஞ்சிருக்கும்.”

“அப்ப அவங்களும், ‘ஐ, கடைசிப் பெட்டி!’ன்னு கத்தியிருப்பாங்க இல்ல?”

“கத்தியிருப்பாங்கடா” என்றாள் பரிதா. “அதான் கையாட்டினாங்க.”