பால் கொடுத்தவள்

விடிந்ததும் விடியாததுமாக வீடு இரண்டுபட்டது.

"கதவைத் திறடி! புள்ள தொண்டை வறண்டு கத்துது!" மாமியார் சின்ன மருமகளின் அறைக்கதவை இடித்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன்! அக்காகிட்ட குடுக்க மாட்டேன்! அவங்க புள்ள போச்சுன்னா என் புள்ளயப் பறிச்சுக்கணுமா?"

அடுப்படியில் நின்ற மூத்த மருமகளுக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. ஆனால் குழந்தையின் அழுகை கேட்டதும் மார்பு கட்டி, ரவிக்கை நனைந்தது... பாழாய்ப்போன உடம்புக்கு மான ரோஷம் தெரியவில்லையே!

அவள் பெற்ற பெண் ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. அடுத்த வாரமே ஓரகத்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்தோடு வந்த காய்ச்சலில் இளையவள் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புட்டிப்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "நீதான்டி காப்பாத்தணும்" என்று மாமியார் அதை மூத்தவளின் மடியில் போட்டாள். இறந்த குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் வாயே திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். இப்போது இளையவள் திரும்பி வந்துவிட்டாள். பால் மட்டும் வற்றிப்போயிருந்தது.

மூத்தவள் நாலு புடவையைப் பைக்குள் திணித்துக்கொண்டு இளையவளின் அறைக்கதவருகே வந்தாள்.

"அம்மாடி... நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். பாலைக் காய்ச்சி ஆறவெச்சு ஸ்பூன்ல குடுத்துப் பாரு. இடது தோள்ல போட்டுத் தட்டு, அப்பத்தான் ஏப்பம் விடுவான்..."

உள்ளே அழுகை தேய்ந்து முனகலாயிற்று. தாழ்ப்பாள் விலகியது.

"ஸ்பூன்லயும் குடுத்துப் பார்த்துட்டேன்க்கா... துப்புறான். புடிங்க!"

பை விழுந்தது. குழந்தை அவள் மார்பை வெறியோடு பற்றிக்கொண்டது. இளையவள் சுவரில் சரிந்து உட்கார்ந்தாள்.

"நீங்க குடுத்துக்கிட்டே இருக்கீங்க. திருப்பித் தர என்கிட்ட என்ன இருக்கு? அந்த நினைப்புதான் கண்டபடி பேச வெச்சுடுச்சு..."

"விடு. அதெல்லாம் எதுக்கு இப்ப..."

இளையவள் நகர்ந்து வந்து, மூத்தவளின் முழங்காலைத் தொட்டாள்.

"அக்கா... உங்க பொண்ணு எப்படி இருந்தா?"

மூத்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பெற்றவளிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி!

"முடி... தலை நிறைய முடி. விரலெல்லாம் நீள நீளமா... என் கையைப் புடிச்சா தெரியுமா? கெட்டியா புடிச்சாடி!"

அத்தனை நாளும் அடைத்துக் கிடந்தது உடைந்து கொட்டியது. பால் குடிக்கும் குழந்தையோடு சேர்த்து இளையவள் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். "அழுங்கக்கா... நான் இருக்கேன், அழுங்க."

அறை வாசலில் நின்ற மாமியார், நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"மூக்கு..." என்றாள். "மூக்கு அப்படியே என்னை மாதிரிடி அவளுக்கு."