எண்ணெய்க்குள் நாற்பது விநாடி

"ஐயோ... பார்க் சார்!"

துப்புரவு வேலை பார்க்கும் பூமாரியின் அலறல், உலைக்கூடத்துத் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

நேரம், காலை ஏழு பத்து.

எண்ணெய்த் தொட்டி ஓரமாக, கொரியா இன்ஜினீயர் பார்க் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் ஒரு நீள இரும்பு இடுக்கி.

உயிர் இருந்தது... நூலளவு!

ஆம்புலன்ஸ் அவரை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போன பத்தாவது நிமிடம், இன்ஸ்பெக்டர் பெர்சிஸ் உள்ளே நுழைந்தாள்.

"இடுக்கி யாரோடது?"

"உலை ஆபரேட்டர் அம்புரோஸோடது மேடம்," என்றான் ஜெரின். எண்ணூர் தொழிற்சாலையின் புரொடக்‌ஷன் மேனேஜர். முதலாளி சுயம்புவின் அக்கா மகன். "வேற யாரும் அதைத் தொட மாட்டாங்க. பார்க் சாரோட நோட்டையும் காணோம்!"

"என்ன நோட்டு?"

"இங்க பரிசோதிச்சுப் பார்க்கிறதை எல்லாம் அதுலதான் எழுதி வைப்பார்."

சுயம்பு நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். திருவொற்றியூரில் இருபது வருடம் இரும்புக்கடை நடத்திச் சேர்த்ததை எல்லாம் இந்தத் தொழிற்சாலையில் கொட்டியவர்.

"போச்சும்மா... எல்லாம் போச்சு! இன்னைக்கு ரெண்டு மணிக்கு ட்ரயல். கொரியா கம்பெனி சொல்லிக்கொடுத்த முறையில நாங்க பத்து கியர் செஞ்சு காட்டணும். ரெண்டு தடவை தோத்தாச்சு. இன்னைக்கும் தோத்தா ஒப்பந்தம் ரத்து. தொண்ணூறு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும்!"

"நான் இருக்கேன்ல மாமா? ஆறு மாசம் கொரியால ட்ரெயினிங் எடுத்தவன். நான் செஞ்சு காட்டுறேன்!"

சுயம்பு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். முழுகுகிறவன் கட்டையைப் பிடிப்பது போல.

அடுத்த அறையில் அம்புரோஸ். ராயபுரத்துக்காரர். ஐம்பத்திரண்டு வயது. கையில் விலங்கு.

"ஏன்யா அடிச்சே?"

"நானா? இன்னா மேடம் நீங்கோ! அவரு நம்ம தோஸ்து. எங்க வூட்டு வஞ்சிரத்த துன்னுட்டு, முள்ளைக்கூட மிச்சம் வெக்காத ஆளு! நேத்து சாயங்காலம்கூட எங்கூட குந்திகினு வேலை கத்துக்கினாரு."

"கொரியாக்காரர்... உன்கிட்ட?"

"ஆமா. அவுங்க புக்குல கீற மேரி கியரை எண்ணெயில முக்குனா, பல்லு மெத்துனு பூடுது. அவுங்க ஊரு ஐஸு. இங்க தொட்டி எண்ணெயே டீ மேரி கொதிக்குது. கூடக் கொஞ்ச நேரம் ஊறணும். முக்கிக் காட்டினேன்... நாலு கியரும் கல்லு!"

"எவ்ளோ நேரம்?"

"மூணு அருள் நிறைந்த மரியே."

பெர்சிஸின் புருவம் உயர்ந்தது. "என்னது?"

"செபம் மேடம்! சொல்லிக்கினே முக்குவேன். மூணாவது ஆமென் வந்தா தூக்கிடுவேன். கடியாரம்லாம் நமக்கு பேஜாரு. பார்க் சாரு சிரிச்சிகினே, எஞ்செபத்த கடியாரத்துல அளந்து நோட்ல எழுதிக்கினாரு."

"எத்தனை விநாடி?"

"அவரும் சொல்லல. நானும் கேக்கல. கூட வேற யாரும் இல்ல."

"அப்ப ட்ரயல்ல ஏன் தோத்தீங்க?"

"ட்ரயல் அன்னிக்கு சின்ன மொதலாளி, அதான் அந்த ஜெரினு, நம்மள கிட்ட வுடாது. 'புக்கு படி செய்'னு கத்தும். அத்தான் பார்க் சாரு, 'நாளைக்கு நீதான் நிக்கணும்'னு எல்லார் எதிர்லயும் சொல்ட்டாரு."

பெர்சிஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். ஜெரின், உலைக்கு முன்னால் புதுக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான்.

மணி இரண்டு.

கொரியா அதிகாரிகள் இருவர். மூலையில், கான்ஸ்டபிளுடன் அம்புரோஸ்.

சிவக்கச் சிவக்க முதல் கியர் உலையிலிருந்து வெளியே வந்தது. எண்ணெயில் இறங்கியது.

உஸ்ஸ்ஸ்...!

ஜெரினின் கண் கைக்கடிகாரத்தில்.

"முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது... நாப்பது! தூக்கு!"

கியர் ஆறியது. சோதனை இயந்திரத்தில் ஏறியது. சுயம்பு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அதிகாரி கட்டைவிரலை உயர்த்தினார்.

"பாஸ் மாமா... பாஸ்!"

சுயம்பு குலுங்கி அழுதார்.

பெர்சிஸ் மெதுவாகக் கை தட்டினாள்.

"பிரமாதம் ஜெரின்! புக்குல எத்தனை விநாடி போட்டிருக்கு?"

"இருபத்தஞ்சு," என்றார் சுயம்பு, கண்ணைத் துடைத்தபடியே.

"அப்ப நாற்பது?"

"அது... கொரியால கத்துக்கிட்டது," என்றான் ஜெரின்.

"தெரிஞ்சு வச்சுக்கிட்டேவா ரெண்டு தடவை உங்க மாமாவைத் தோக்கடிச்சீங்க?"

ஜெரின் கையுறையைக் கழற்றிவிட்டு, தன் லேப்டாப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"அம்புரோஸ்... செபத்தைச் சொல்லு. மூணு தடவை."

அம்புரோஸ் கண்மூடிச் சொன்னார். பெர்சிஸ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆமென்...

"நாற்பது! இந்த நாற்பது எழுதியிருந்த ஒரே இடம், காணாமப்போன நோட்டு!"

ஜெரின் வாசலுக்குப் பாய்ந்தான். கான்ஸ்டபிள் காலை நீட்டினார். குப்புற விழுந்தவனின் லேப்டாப் பையிலிருந்து, நீல அட்டை நோட்டு எட்டிப் பார்த்தது!

"நோட்டைப் பிடுங்கத்தான் போனேன் மாமா... அவர் விடல, கைக்குக் கிடைச்ச இடுக்கியால அடிச்சுட்டேன்! இன்னைக்கு அம்புரோஸ் நின்னு ஜெயிச்சா, ஆறு மாசம் கொரியால நான் என்ன கிழிச்சேன்னு எல்லாரும் கேப்பாங்களே..."

"நான் கேட்டிருக்கணும்லே," என்றார் சுயம்பு. "அக்கா மவனாச்சேன்னு கேக்காம விட்டுட்டேன்."

அதிகாரி சங்கடத்துடன் விரல்களைக் காட்டினார். இன்னும் ஒன்பது கியர் பாக்கி!

அம்புரோஸின் விலங்கு கழன்றது. ஜெரினின் கைக்கு ஏறியது. அதே நேரம் பெர்சிஸின் போன் அடித்தது.

"ஸ்டான்லிலேர்ந்து. பார்க் கண்ணைத் திறந்துட்டாராம்!"

அம்புரோஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, வேறொரு இடுக்கியைக் கையில் எடுத்தார். ஜெரினைப் பார்த்தார்.

"கடியாரத்த குட்த்துட்டுப் போ சின்ன மொதலாளி. நீ போற எடத்துல செகண்டுலாம் எண்ண மாட்டாங்கோ... வருஷம்தான்!"